ஓட ஓட ஆற்றியவர்

கோபத்தோடு விறுவிறென்று போகிற மனிதரைக் கண்டால் நாமெல்லாம் என்ன செய்வோம்? முன்னால் போய் நின்று, இரண்டு கையையும் விரித்து, "பொறுங்கோ, பொறுங்கோ" என்போம். எங்கள் மேல்வீட்டு அன்ரி அப்படிச் செய்யமாட்டார். குனிந்து தன் கன்வஸ் சப்பாத்தின் நாடாவை ஒருமுறை இறுக்கிக்கொள்வார். பிறகு கோபக்காரருக்குப் பக்கத்தில் போய், அவர் போகிற திசையில், அவர் போகிற அதே வேகத்தில் நடக்கத் தொடங்குவார். சமாதானம் சொல்லமாட்டார், புத்தி சொல்லமாட்டார். "ம்", ஆமாம் என்று ஒரு "ஓம்", பிறகென்ன என்று ஒரு "பேந்து?", இவ்வளவுதான் அவர் வாயிலிருந்து வரும்.

அன்ரி பிறந்து வளர்ந்தது கொட்டாஞ்சேனை. வேலை பார்த்தது ஜெர்மனியில், மின்னேற்றம் கொண்ட அணுக்களான அயன்களை ஒரு பெரிய வளையக் குழாய்க்குள் ஓடவிட்டு ஆராய்ச்சி செய்யும் இடத்தில். அயன் கற்றையைக் குளிரச் செய்வதும், அதைச் சிந்தாமல் சிதறாமல் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அவருடைய தொழில். பென்சன் எடுத்துக்கொண்டு கொழும்புக்குத் திரும்பி வந்தவர், வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், எங்கள் தொடர்மாடியில், எங்கள் தலைக்கு நேர் மேலே குடியேறினார். பருத்திச் சேலைக்குக் கீழே கன்வஸ் சப்பாத்துப் போட்டுக்கொண்டு காலி வீதிக்கு மரக்கறி வாங்கப் போகிற ஒரே பெண்மணி அவர்தான். அதற்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

அவர் முதல்முறை எங்கள் வீட்டுக்குத் தேநீர் குடிக்க வந்தபோது அம்மா நேரடியாகவே கேட்டுவிட்டார்.

"அயனைக் குளிர வைக்கிறதெண்டால், ஃபிரிட்ஜ் மாதிரி ஏதும் வைச்சிருக்கிறியளோ?"

அன்ரி ரோல்ஸைக் கடித்தபடி சிரித்தார். "பிடிச்சு ஒரு இடத்திலை வைக்கேலாது அக்கா. அது ஓடிக்கொண்டே இருக்கோணும். ஓட ஓடத்தான் ஆத்தோணும். கொட்டாஞ்சேனையிலை தேருக்குப் பின்னாலை போயிருக்கிறியளே?"

"போகாமல்?"

"எல்லாரும் முன்னுக்குத்தானே போயினம். ஆனா ஒராள் இடிக்கிறார், ஒராள் காலிலை மிதிக்கிறார், ஒராள் குறுக்கை பூருறார். உந்த இடிபாடுதான் சூடு. அதைத்தான் குறைக்கோணும். முன்னுக்குப் போற வேகத்திலை கை வைக்கப்படாது."

"எப்பிடிக் குறைக்கிறது?"

"குளிர்ந்த இலத்திரனை, அதுதான் எலெக்ட்ரோனை, அயனுக்குப் பக்கத்திலை, அது போற அதே வேகத்திலை ஓட விடுறது. கொஞ்சத் தூரம் சேர்ந்து ஓடேக்கை அயனின்ரை இடிபாட்டை இலத்திரன் தன்ரை தலையிலை வாங்கிக்கொள்ளும். அந்தச் சூடேறின இலத்திரனை வெளியிலை எடுத்துப்போட்டுப் புதுசா விடுறது. அயன் சுத்திக்கொண்டு வரும், வர வரப் புது இலத்திரன். ஒவ்வொரு சுத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமா ஆறும்."

அம்மா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "அப்ப அந்த இலத்திரன் பாவமில்லையே?"

அன்ரி ரோல்ஸைத் தட்டில் வைத்துவிட்டு அப்படிச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இவ்வளவு வருசம் வேலை செய்தன். ஒருத்தரும் உந்தக் கேள்வி கேட்கேல்லை அக்கா" என்றார்.

இந்தப் படிப்பு அவருக்கு வேலையோடு முடிந்துபோன விஷயமில்லை. தொடர்மாடியின் தண்ணீர் மோட்டர் பழுதாகிற நாட்களில் ஐந்தாம் மாடிக்காரர் ஒருவர் "இண்டைக்கு ரெண்டிலை ஒண்டு பாக்கிறன்" என்று படியில் இறங்குவார். கீழே காவலாளி நடுங்கிக்கொண்டு நிற்பார். அன்ரி தன் கதவைத் திறந்து வந்து அவரோடு சேர்ந்து இறங்குவார். அவர் இரண்டிரண்டு படியாகப் பாய்ந்தால் இவரும் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டிரண்டாகப் பாய்வார். கத்திக்கொண்டே வந்த மனிதர் கீழ்த்தளத்துக்கு வந்ததும் மூச்சு வாங்க நின்று, "நீங்கள் எங்கை மிஸ் போறியள்?" என்பார். "சும்மா, உங்களோடைதான்" என்பார் அன்ரி. அதற்குப் பிறகு காவலாளியை ஏசுவதற்கு அந்த மனிதரிடம் சரக்கு இருக்காது.

எனக்கும் அது நடந்தது. நான் ஆசைப்பட்ட வேலை ஒன்று கைக்கு வந்தது போல வந்து கடைசி நேரத்தில் வேறொருத்திக்குப் போய்விட்டது. நான் வீட்டிலிருந்து வெளிக்கிட்டுப் பம்பலப்பிட்டிப் பக்கம் நடந்தேன். கொஞ்சத் தூரத்தில் பார்த்தால், பக்கத்தில் வெண்டிக்காய்ப் பையோடு அன்ரி. நான் அழுதேன், ஏசினேன், அந்த இன்னொருத்தியைப் பற்றிச் சொல்லக்கூடாததெல்லாம் சொன்னேன். "ம்", "ஓம்", "பேந்து?" ஒரு சந்தியில் எனக்குத் திடீரென்று பசித்தது. அதைச் சொன்னேன். "அப்ப சரி" என்று என்னை ஒரு கடைக்குள் கூட்டிக்கொண்டு போய்த் தோசை வாங்கித் தந்தார்.

ஒன்று மட்டும் சொல்லவேண்டும். இப்படி யாரையாவது ஆற்றிவிட்டு வருகிற நாட்களில் மேல்வீட்டில் பெரிய சத்தம் கேட்கும். சட்டி, மூடி, அகப்பை எல்லாம் ஒன்றோடொன்று மோதும். "பொம்பிளை ஆரோடை சண்டை பிடிக்குது?" என்று அப்பா மேலே பார்ப்பார். வீட்டில் அவர் ஒருவர்தானே. நாங்கள் அதைப் பற்றி அதற்கு மேல் யோசித்ததில்லை.

இனி என் கல்யாணத்துக்கு வருகிறேன். இவ்வளவு நேரமும் நான் சுற்றி வளைத்தது இதற்குத்தான்.

மாப்பிள்ளை கொட்டாஞ்சேனை. இரண்டு வீட்டாரும் மாதக்கணக்காக எல்லாம் கதைத்தார்கள். கூறை என்ன நிறம், தாலிக்கொடி எப்படி, பாயாசத்துக்குச் சவ்வரிசியா சேமியாவா, ஒன்றும் மிச்சமில்லை. மேளத்தைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஏன் தெரியுமா? அப்பா நினைத்தார், மேளத்தைத் தானே பிடித்துச் சம்பந்தி வீட்டாரை ஒரு ஆச்சரியத்தில் ஆழ்த்தலாம் என்று. சம்பந்தியும் அதையே நினைத்தார். ஆழ்த்தினார்கள், இருவரும்! கல்யாண நாள் காலையில் வெள்ளவத்தை மண்டபத்துக்குள் யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் வந்திறங்கிய ஒரு மேளக் கோஷ்டியும், கொட்டாஞ்சேனையிலிருந்து வான் வண்டியில் வந்திறங்கிய ஒரு மேளக் கோஷ்டியும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒரே நேரத்தில் வெவ்வேறு உருப்படி வாசிக்கத் தொடங்கின.

நான் மேல்மாடியில், மணமகள் அறையில் இருந்தேன். அன்ரி எனக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தார். கீழே என்ன நடந்தது என்பதைத் தம்பி ஓடி வந்து மூச்சிரைக்கச் சொன்னான். மாப்பிள்ளையின் தாய்மாமன் நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருக்கிறார்: "உங்கட ஆக்கள் பாவம், இரவிரவா பஸ்ஸிலை களைச்சுப்போய் வந்திருக்கினம். அவை இருந்து சாப்பிடட்டும். எங்கட ஆக்கள் வாசிப்பினம்."

அப்பாவுக்குக் கொதி வந்துவிட்டது. "சாப்பிட வந்தவையே அவை? வித்துவான்மாரைப் பாத்துச் சாப்பிட வந்தவை எண்டு சொல்லுறதோ? உங்கட மேளம் வாசிக்கட்டும், உங்கட ஆக்களே தாரையும் வார்க்கட்டும். நான் போறன்!" சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே இறங்கிவிட்டார்.

தாரை வார்க்க அப்பா இல்லையென்றால் கன்னிகாதானம் இல்லை. கன்னிகாதானம் இல்லையென்றால் கூறையும் இல்லை, தாலியும் இல்லை. முகூர்த்தமோ நெருங்கிக்கொண்டிருந்தது. அம்மா, "ஐயோ, ஆராவது மறியுங்கோவன்! காலிலை விழுந்தெண்டாலும் கூட்டிக்கொண்டு வாங்கோ!" என்று அலறினார்.

"மறிக்கக் கூடாது" என்றார் அன்ரி. கையிலிருந்த மல்லிகைச் சரத்தை என் மடியில் போட்டுவிட்டு ஜன்னலுக்குப் போனார். "வீட்டுத் திறப்பு ஆரிட்டை?"

"என்ரை ஹாண்ட்பாக்கிலை" என்றார் அம்மா.

"நல்லது. வீட்டையும் போகேலாது. கோபத்திலை போறவர் இருக்கவும் மாட்டார். அப்ப சுத்துவார். சுத்தட்டும்."

ஜன்னலுக்குக் கீழே மண்டபத்து ஒழுங்கை. அது கடற்கரை வீதிக்கு இறங்கும். அங்கே திரும்பி, அடுத்த ஒழுங்கையால் ஏறி, காலி வீதி வழியாக வந்தால் மறுபடி மண்டபம்தான். ஒரே ஒரு ஆபத்து, அந்த அடுத்த ஒழுங்கை காலி வீதியைத் தொடும் சந்தி. அங்கே அப்பா மறுபக்கம் திரும்பி ஒரு பஸ்ஸில் ஏறிவிட்டால் எல்லாம் முடிந்தது. அன்ரி இரண்டு மச்சாள்மாரைக் கூப்பிட்டார். "அந்தச் சந்தியிலை போய் நில்லுங்கோ. மாமா வரேக்கை, அங்காலை கொங்கிறீற் போட்டிருக்கு, ஈரம் எண்டு மட்டும் சொல்லுங்கோ. வேறை ஒரு கதையும் வேண்டாம். கற்றை சுவரிலை முட்டக்கூடாது, வடிவா வளைஞ்சு வரோணும்."

பிறகு சித்தப்பாவைக் கூப்பிட்டார். "அண்ணைக்குப் பக்கத்திலை, அண்ணையின்ரை வேகத்திலை நடவுங்கோ. வாங்கோ எண்டு சொல்லப்படாது. ஓம் போடுங்கோ, அவ்வளவுதான்."

முதல் சுற்று. ஜன்னலால் பார்த்தேன். அப்பாவின் முகம் கறுத்துப்போய் இருந்தது. பக்கத்தில் சித்தப்பா ஓட்டமும் நடையுமாக. மண்டப வாசலைக் கடக்கும்போது அப்பா ஒருமுறை கடைக்கண்ணால் உள்ளே பார்த்தார். யாரும் கூப்பிடுகிறார்களா என்று பார்க்கிறார். எனக்கு என் அப்பாவைத் தெரியாதா? ஒருவரும் கூப்பிடவில்லை. மனிதர் இன்னும் வேகமாகப் போனார்.

அப்போதுதான் அப்பாவின் காலைக் கவனித்தேன். கோபத்தில் வாசலில் கிடந்த யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு போயிருக்கிறார். யாருடைய செருப்பு? பளபளவென்று மின்னும் தங்க நிறச் செருப்பு! மாப்பிள்ளையின் தாய்மாமனுடையது. தாலிக்குப் பொன்னுருக்கிய அன்றைக்கு அதைக் கண்டுவிட்டு, "உதைப் போட்டுக்கொண்டு ஒரு மனிசன் றோட்டிலை போவானோ?" என்று அப்பா வீட்டுக்கு வந்து வயிறு குலுங்கச் சிரித்த அதே செருப்பு.

"அன்ரி, செருப்பு…" என்று நான் வாயைத் திறந்தேன்.

அன்ரியும் கண்டுவிட்டார். அவர் கண் மின்னியது. "மூச்! இப்ப சொன்னியெண்டால் கழட்டிக் கடலுக்கை எறிஞ்சுபோட்டு அங்காலை போயிடுவார். வைச்சிரு. உதுதான் எங்களிட்டை இருக்கிற கிக்கர்."

"அதென்ன?"

"வளையத்திலை ஓடுறதை உள்ளுக்கை எடுக்கோணுமெண்டா கடைசியிலை ஒரு சின்னத் தட்டு. அதைத் தட்டுற சாமானுக்குப் பேர்தான் கிக்கர். முந்தினாலும் பிழை, பிந்தினாலும் பிழை."

அதற்குள் சித்தப்பா மேலே ஏறி வந்தார். முகம் செவசெவவென்று இருந்தது. "அண்ணை சொல்லுறது முழுக்கச் சரி! அவங்கள் எப்பிடி அப்பிடிச் சொல்லலாம்? நானும் போறன்!" என்றார்.

அன்ரி அவரைத் தோளில் பிடித்துக் கதிரையில் இருத்தினார். "உங்கட வேலை வடிவா முடிஞ்சுது. இவருக்கு மோர் குடுங்கோ. வெளியிலை விடாதேங்கோ. அடுத்த ஆள்!"

அடுத்த ஆள் அப்பாவோடு ஒரே கந்தோரில் வேலை செய்த பழைய சினேகிதர், எல்லோரும் ஹாஜியார் என்று கூப்பிடுகிறவர். அவருக்கு முழங்கால் வலி. ஆனாலும் சாரத்தைச் சரிசெய்துகொண்டு இறங்கினார். இரண்டாம் சுற்றில் அப்பா கையை ஆட்டி ஆட்டிக் கதைத்துக்கொண்டு போனார். ஹாஜியார் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டு போனார். சந்தியில் மச்சாள்மார் ஈரக் கொங்கிறீற் கதையைச் சொன்னதும் அப்பா, "இவங்கள் ஒரு நாளும் ஒரு வேலையை முடிக்க மாட்டாங்கள்" என்று மாநகரசபையை ஏசிக்கொண்டு சரியான பக்கம் திரும்பினாராம்.

இதற்கிடையில் கீழே வேறொரு அதிசயம். தம்பி வந்து சொன்னான். இரண்டு நாதஸ்வரக்காரரும் ஒரே வாத்தியாரிடம் படித்தவர்கள். பிளேன்ரீ குடிக்கப் போன இடத்தில் ஒருவரையொருவர் அடையாளம் கண்டு கட்டிப்பிடித்து, மாறி மாறி வாசிப்பதென்றும் கெட்டிமேளத்தைச் சேர்ந்து வாசிப்பதென்றும் முடிவு செய்துவிட்டார்களாம். அப்பா முதல் சுற்றை முடிக்கும் முன்பே சண்டைக்குக் காரணம் தீர்ந்துபோயிருந்தது!

"அப்ப ஓடிப்போய் அவரிட்டைச் சொல்லுங்கோவன்!" என்று அம்மா எழும்பினார்.

"காரணம் முடிஞ்சால் கொதி முடிஞ்சுது எண்டு நினைக்கிறியளே அக்கா?" என்றார் அன்ரி. "இப்ப போய்ச் சொன்னா, அப்ப நான் வீணாவோ கோபிச்சனான் எண்டு இன்னொரு கோபம் வரும்."

அம்மா மறுபடி உட்கார்ந்துவிட்டார். அப்பாவோடு இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியவருக்கு அது உண்மையென்று தெரியும்.

ஹாஜியார் நொண்டிக்கொண்டு திரும்பி வந்தார். "கொஞ்சம் இறங்கிட்டார். இப்ப வெயிலுக்கும் சேர்த்து ஏசுறார்" என்றார்.

"வெயிலை ஏசத் தொடங்கிட்டாரே? அப்ப இதுதான் கடைசிச் சுத்து" என்று அன்ரி குனிந்து சப்பாத்து நாடாவை இறுக்கினார். "இதை நானே போறன். பிள்ளை, நீ கீழை வாசலுக்கு வா. நாங்கள் கேற்றுக்குக் கிட்ட வரேக்கை நான் செருமுவன். அப்ப தட்டு."

"கலியாணப் பொம்பிளை றோட்டு வாசலிலையோ?" என்று அம்மா நெஞ்சில் கை வைத்தார். நான் மாலையையும் சேலையையும் அள்ளிப் பிடித்துக்கொண்டு படியிறங்கினேன். உள்ளே ஐயர் வாசலைப் பார்த்துப் பார்த்து மந்திரத்தை இழுத்துக்கொண்டிருந்தார். மணவறையிலிருந்த மாப்பிள்ளை என்னைக் கண்டு எழும்பப் பார்த்தார். "இருங்கோ!" என்று கையைக் காட்டினேன். அன்றிலிருந்து இன்றுவரை நான் சொன்னதை அவர் அவ்வளவு வேகமாகச் செய்ததில்லை.

காத்திருந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை. அப்பா இல்லாமல் எனக்குக் கல்யாணம் வேண்டாம் என்றே தோன்றியது. பிறகு அவர்கள் தெரிந்தார்கள். அப்பாவும் அன்ரியும் ஒரே அடி வைத்து, ஒரே வேகத்தில், காலி வீதிப் பக்கமிருந்து ஒழுங்கைக்குள் திரும்பினார்கள். அப்பாவின் சால்வை தலையில் இருந்தது. "என்ன வெயில் மிஸ் இது, மனிசன் உயிரோடை இருக்கிறதோ?" என்று கேட்டுக்கொண்டு வந்தார். அன்ரி செருமினார்.

"அப்பா" என்றேன். "நீங்கள் போட்டிருக்கிறது அந்த மாமாவின்ரை செருப்பு."

அப்பா நின்றார். குனிந்து பார்த்தார். ஒரு காலைத் தூக்கிப் பார்த்தார், மற்றக் காலையும் தூக்கிப் பார்த்தார். தங்க நிறம் வெயிலில் மின்னியது. குதிக்கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"இதைப் போட்டுக்கொண்டே நான் வெள்ளவத்தை முழுக்கச் சுத்தினனான்?"

"ஓம் அப்பா. கடற்கரை றோட்டிலை இருந்த முழுச் சனமும் கண்டது."

முதலில் அவருடைய வயிறு குலுங்கியது. பிறகு தோள். பிறகு மதிலைப் பிடித்துக்கொண்டு சத்தமாகச் சிரித்தார். நானும் சிரித்தேன், அழுதும்கொண்டேன், கண் மை கன்னத்தில் இறங்கியது. அந்த நேரம் பார்த்துத் தாய்மாமன் வெறுங்காலோடு வாசலுக்கு வந்து, "என்ரை செருப்பைக் காணேல்லை…" என்று இழுத்தார்.

"இஞ்சை இருக்கு, வாங்கோ" என்றார் அப்பா. "வடிவான செருப்பு. கொஞ்சம் இறுக்கம்." அவருடைய தோளில் கை போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

முகூர்த்தம் தவறவில்லை. அப்பா என் கையை எடுத்து மாப்பிள்ளையின் கையில் வைத்துத் தாரை வார்த்தார். இரண்டு மேளமும் சேர்ந்து கெட்டிமேளம் கொட்டியதில் என் காதுக்குள் கொஞ்ச நேரம் வேறொன்றும் கேட்கவில்லை. தாலி கழுத்தில் ஏறியது. எனக்கு வந்த சந்தோஷத்தில் எல்லோரையும் மன்னித்துவிட்டேன்.

சாப்பாட்டுப் பந்தியில்தான் அது நடந்தது. அன்ரி வீடியோக்காரரை ஏசுகிற சத்தம் கேட்டது. அடுத்து, பாயாசம் ஆறிப்போச்சு என்று பரிமாறுகிறவரை. அடுத்ததாகத் தாய்மாமனுக்கு முன்னால் போய் நின்றார். முகம் சித்தப்பாவின் முகத்தைவிடச் சிவந்திருந்தது.

"சாப்பிட வந்தவையே அவை? வித்துவான்மாரைப் பாத்துச் சாப்பிட வந்தவை எண்டு சொல்லுறதோ?" என்று கத்திவிட்டு, விறுவிறென்று மண்டபத்தை விட்டு வெளியே போனார்.

பந்தி முழுக்க அப்படியே நின்றது. அப்பாவின் வார்த்தைகள், ஒரு சொல் மாறாமல்! மேல்வீட்டில் ஏன் அவ்வளவு காலமும் சட்டி மூடி மோதின என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஊராருடைய கொதியையெல்லாம் வாங்கிக்கொண்டு போய் அந்த மனுஷி தனியே என்ன செய்வார்?

சித்தப்பா இலையை விட்டு எழும்பி, "பொறுங்கோ, நான் போய் மறிக்கிறன்" என்றார்.

"இரடா" என்றார் அப்பா. பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவினார். வாசலுக்குப் போனார். தன் செருப்பைத் தேட அவருக்குப் பொறுமை இல்லை. பக்கத்தில் கிடந்த தங்க நிறச் செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு, வேட்டியை மடித்துப் பிடித்தபடி ஒழுங்கையில் ஓடினார். அன்ரியை எட்டிப் பிடித்ததும் ஓட்டத்தைக் குறைத்தார். முன்னால் போகவில்லை, கையைப் பிடிக்கவில்லை. பக்கத்தில், அவருடைய வேகத்திலேயே நடக்கத் தொடங்கினார். அன்ரி கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னார். அப்பா தலையை ஆட்டினார். இருவரும் கடல் பக்கம் திரும்பினார்கள்.

அம்மா கையில் அப்பளத்தோடு வாசலுக்கு வந்தார். "எல்லாம்தானே முடிஞ்சுது! இந்த மனிசன் இனி எங்கை போறார்?"

"ஒரு சுத்துப் போட்டு வருவார் அம்மா" என்றேன். "இப்ப அவர்தான் இலத்திரன்."